பூட்டனார் திறந்த பாதை

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர் அது. சுடுகாட்டுப் பாதையை மறித்து, வெடி ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையின் முதலாளி சீனிவாசகம் கம்பிவேலி போட்டதிலிருந்து, அங்கே சாவதே பெரும்பாடாகிவிட்டது. பாடையைத் தூக்கிக்கொண்டு கண்மாயைச் சுற்ற வேண்டும். தூக்கியவன் கூடவே போய்ச் சேராமல் வீடு திரும்பினால், அது அவனைப் பெற்றவர்கள் செய்த புண்ணியம்.

வெடிக்குக் குழாய் உருட்டி உருட்டி இடுப்பொடிந்த பேச்சியம்மாளுக்கு அதுதான் கவலை. மாமனார் ஊர்க்காவலன் ஊற்றிய பாலில் பாதி வெளியே வருகிற நிலையில் கிடந்தார்.

ஊராட்சியில் மனுக் கொடுத்தாள். “பொதுப்பாதைன்னு பழைய பதிவேட்டுல இருக்கணுமே” என்றார் எழுத்தர். பதிவேடு இருந்தது. அதை முழுதாகப் படித்தது கரையான் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் எவாஞ்சலின் டீச்சர் ஒரு கட்டுத் தாளோடு அவளைத் தேடி வந்தார். தேவாலய நூற்றாண்டு மலருக்காக, முன்பு இங்கிருந்த ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் சொந்த ஊருக்கு எழுதிக் கேட்டிருந்தார். அந்த ஊர் நகர்மன்றம் பாதிரியாருடைய கடிதம், நாட்குறிப்பு எல்லாவற்றையும் நகலெடுத்து அனுப்பிவிட்டது. நூறு வருசத்துக்கு முன் எவன் வீட்டுப் பன்றி தெருவில் திரிந்தது, அதற்காக மன்றத்தில் யார் யார் சத்தம் போட்டார்கள் என்பதுவரை அங்கே பத்திரமாம். இங்கே மனுசனுக்கே பதிவில்லை, பன்றி எந்த மூலைக்கு?

டீச்சர் நாட்குறிப்பைத் தமிழில் சொன்னார்: “சுடுகாட்டுப் பாதையில் பண்ணையார் செந்தூர்பாண்டி முள் வெட்டிப் போட்டார். பிணம் வெயிலில் கிடந்தது. கலெக்டருக்கு எழுதினேன். மறுவாரம் பண்ணையாரே நின்று பாதையைத் திறந்துவிட்டார்.”

செந்தூர்பாண்டி, சீனிவாசகத்தின் பூட்டன்.

“கோர்ட்டுக்குப் போவோம் பேச்சியம்மா. அருமையான சாட்சி.”

“கேசு முடியுறதுக்குள்ள எம் பேரனுக்கே பாடை கட்டணும் டீச்சர். கடைசி வரிய மட்டும் மொதலாளிகிட்ட வாசிங்க.”

“பாதி உண்மை பொய்யில்லையா?”

“முழுசையும் சொமக்க முடியல. பாதிய எறக்கி வைக்கோம், அம்புட்டுத்தான்.”

கடைசி வரியைக் கேட்ட சீனிவாசகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க பூட்டனார் பேரு சீமை ரிக்கார்டுல இருக்கா டீச்சரம்மா!”

அந்த வாரமே வேலி போனது. அதே இடத்தில் வளைவு ஒன்று எழும்பியது: ‘பாதை திறந்த வள்ளல் செந்தூர்பாண்டியார். உபயம்: சீனிவாசகம்.’ டியூப் லைட்டிலேயே வெளிச்சம் வரவிடாமல் உபயம் எழுதுகிற ஊர். வள்ளலைவிட உபயதாரர் எழுத்துத்தான் பெரிது.

பெயிண்ட் காயுமுன் ஊர்க்காவலன் கண்ணை மூடினார். சீனிவாசகம் போட்டோக்காரனோடு வந்து, பேச்சியம்மாளைவிடச் சத்தமாக அழுதார். பெண்கள் நின்று திரும்புகிற முக்கில்தான் வளைவு. அதனடியில் பாடையை நிறுத்தச் சொன்னார். பெயர் முழுதும் படத்தில் விழ வேண்டுமாம். போட்டோக்காரன் பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே போனான்.

“ஏலே, வெரசா எடு” என்றாள் பேச்சியம்மாள். “இன்னும் செத்த நேரம் போட்டு வச்சா, எங்க மாமா எந்திரிச்சு மிச்ச வரியையும் சொல்லிப்புடுவாரு.”