தண்டுக்குள் இருந்த மருந்து

ஆய்வுக்கூடத்தில், மூடியைத் திறக்காமலே கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அப்பாவின் கால் புண்ணிலிருந்து எடுத்து வளர்த்த கிருமி, எந்த ஊசிக்கும் அடங்காதது, தட்டு முழுக்க மங்கலாய்ப் படர்ந்திருந்தது. நடுவில், மழைக்காட்டுக் கொடியொன்றின் தண்டுக்குள் குடியிருந்த பூஞ்சையை வைத்த இடத்தைச் சுற்றி மட்டும், துடைத்துவிட்டதுபோல் ஒரு வட்டம். அங்கே கிருமி அண்டவே இல்லை.

வருஷக்கணக்காய் எத்தனையோ செடிகளைக் கழுவி, அறுத்து, உள்ளே வாழ்வதைத் தேடியவள். சிக்கியதெல்லாம் பதர். இன்று வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கவிழ்ந்து கிடந்த போன் அதிர்ந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அப்பா அவள் விரலைப் பிடித்திருந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் இங்கயே இரேன்டா."

"தட்டைப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்ப்பா."

"உனக்கு நான் பெருசா, அந்தப் பூஞ்சக்காளான் பெருசா?" என்று சிரித்தார். விரலை விட்டுவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை தடவ போன் பண்றது?"

அவள் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள்; திரை முழுக்க அவன் அழைப்புகள்.

"மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் உன்னத்தான் கேட்டாரு. மருந்து எடுத்துட்டு வரப் போயிருக்கா, இதோ வந்துடுவான்னு சொன்னேன். வாய்ல வந்துச்சு, சொல்லிட்டேன். அப்புறம் வாசலையே பாத்துட்டு இருந்தாரு."

தட்டில் தெளிந்த வட்டம் ஊசி மருந்தாக எத்தனை வருஷம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்திலேயே இருந்திருந்தாலும் அப்பா பிழைத்திருக்க மாட்டார். அந்த நியாயத்தைத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இவள் குதித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "ஏதாவது கெடச்சுதா?"

"இல்லண்ணா."

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "வந்துட்டியா? வா, அப்பாவுக்குச் சட்டை மாத்தணும். என்னால தனியா முடியல."

கட்டம்போட்ட சட்டை, நேற்றுத்தான் இஸ்திரி போட்டது. அம்மா தோளைத் தூக்கிப் பிடிக்க, இவள் கையை நுழைத்தாள். கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். மேல் பொத்தானை மட்டும் விட்டுவிட்டாள். கழுத்தை இறுக்கினால் அவருக்குப் பிடிக்காது.