பச்சை வரி

மேலாளர் மேசையிலிருந்த அறிவிப்பை விரலால் தட்டினார். "ஆட்சேபம் சொல்ல ஆறு வாரம்னு அனுப்பியிருக்கோம். சட்டத்தைத் திருத்தி அதை நாலு வாரமாக் குறைச்சுட்டாங்க. நம்மள நம்பி அஞ்சாவது வாரம் மனு போடுறவன் கதி என்ன? மெய்ப்புப் பார்க்கன்னு ஒருத்தர் எதுக்கு இருக்கார்?"

மெய்ப்புக்காரர் கைகட்டி நின்றார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து எண்களையும் தேதிகளையும் ஒத்துப்பார்ப்பதுதான் அவர் வேலை.

அருகில் மொழிபெயர்ப்பாளர் நின்றிருந்தாள். பதினோரு வருடமாக ஜெர்மன் சட்டப் பிரிவுகளையும் கடன்பத்திர அறிவிப்புகளையும் ஆங்கிலமாக்குகிறவள். முன்பு செய்த வாக்கியம் அப்படியே திரும்ப வந்தால், கணினி பழைய மொழிபெயர்ப்பைப் பச்சையில் நீட்டும்; ஏதாவது மாறியிருந்தால் மஞ்சளில். இந்த அறிவிப்பைச் செய்த அன்று மஞ்சளையும் பச்சைபோலவே படிக்காமல் தள்ளிவிட்டாள். தன் வாக்கியம்தானே என்ற இறுமாப்பு.

மெய்ப்புக்காரர் அன்றே அவளிடம் வந்து கேட்டார்: "ஏம்மா, அங்க நாலுன்னு இருக்கு, இங்க ஆறுன்னு இருக்கே?"

"அண்ணே, அந்தப் பிரிவு எனக்குத் தண்ணிபட்ட பாடு. எண்ணத் தெரிஞ்சா சட்டம் தெரிஞ்சிடுமா?" என்றாள், பக்கத்து மேசைகள் சிரிக்கும்படி. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, தான் போட்ட பென்சில் வட்டத்தை அழித்தார்.

"இந்த மாசத்தோட நின்னுக்கங்க" என்றார் மேலாளர், மெய்ப்புக்காரரிடம்.

இப்போது அவர் நடந்ததைச் சொல்லிவிடுவார் என்று அவள் நினைத்தாள். சொன்னால் மறுத்துவிடலாமா என்றும் மனம் ஓடியது. ஓடிய வேகத்தைப் பார்த்து அவளுக்கே கூசியது.

"சரிங்க" என்றார் மெய்ப்புக்காரர்.

"சார், அண்ணன் அன்னிக்கே பிடிச்சுட்டார். நான்தான் கேலி பண்ணி அனுப்பினேன்."

மேலாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ எல்லாருக்கும் திருத்தக் கடிதம் நீங்களே எழுதுங்க. உங்க கையெழுத்தோட." அவரிடம் திரும்பினார். "நீங்க போய் வேலையப் பாருங்க."

வெளியே வந்ததும், "மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள்.

"அது கிடக்கட்டும்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அதே அறிவிப்புல முப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு தேதியும் இடிச்சுது. மறுபடி சிரிப்பாங்களேன்னு கேக்காம விட்டுட்டேன்."

காது மடல்வரை சூடேற, அவள் திரும்பிப்போய் மேலாளரின் கதவைத் தட்டினாள்.