வாசலில் கழற்றிய சப்பாத்து

சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாவது தடவையும் ஏதோ மோதியபோது, உதயகுமாரி அரிசி களைந்த கையைத் துடைத்துவிட்டு லானுக்குப் போன் எடுத்தாள். போலீசுக்கு அல்ல. ஒஸ்லோவின் ஓரத்து வெஸ்ட்லியில், அந்த எட்டாம் மாடியில் அதுதான் வழக்கம். போலீஸ் வந்தால் பின்னாலேயே பார்னவேர்ண் என்ற பிள்ளைகள் பாதுகாப்புக்காரர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் தமிழருக்கும் உண்டு, வியட்நாமியருக்கும் உண்டு. லான் வந்தால் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவாள், உள்ளே போய்த் தரையில் உட்காருவாள், அடிக்கிற ஆள் தணியும்வரை எழும்பமாட்டாள்.

வியட்நாமியர் சங்கத் தலைவி என்று பெயர். சம்பளம் ஒரு சதமும் இல்லை. முப்பது வருடமாக ஒஸ்லோ வியட்நாமியரின் பாதி வீடுகளுக்குள் அப்படிப் போய் வந்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் இளசுகளுக்குச் சிங்க நடனமும் மேளமும் பழக்குகிறாள். பக்கத்து வீட்டு மை, பதினைந்து வயது, அங்கே பெரிய மேளம் அடிக்கிறவள். இன்று காலை அவளைப் போகவிடாமல் தகப்பன் குவாங் கதவைப் பூட்டிவிட்டான்.

லானும் உதயகுமாரியும் முன்பு வடநோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் ஒரே மேசையில் மீன் வெட்டியவர்கள். லானின் தமிழ் அந்த மேசையில் பொறுக்கியது. முதலில் பொறுக்கியதெல்லாம் வாயில் எடுக்கக்கூடாத சொற்கள். அந்த ஊரில்தான் ஒருநாள் உதயகுமாரியின் புருசன் அரசரத்தினம் அவள் தலையைக் கதவு நிலையில் இடித்தான். லான் வந்து மூன்று மணித்தியாலம் தரையில் இருந்தாள். அடுத்த கிழமை, “இப்ப அடிக்கிறாரோ?” என்று கேட்டாள்.

“இல்லை அக்கா, நிப்பாட்டிட்டார்.”

பச்சைப் பொய். வெட்கத்தில் வந்த பொய். அதற்குப் பிறகும் பத்தொன்பது வருடம் அடித்தான். மாரடைப்பு வந்துதான் அந்தக் கை ஓய்ந்தது. லானோ அந்த வீட்டைத் தன் முதல் வெற்றியென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். உதயகுமாரியும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

மண்டபம் கிட்டத்தான். பத்து நிமிடத்தில் லான் மேளத் தடிகளோடு மூச்சிரைக்க வந்தாள். வெளி நடையில் பனி கரைந்து சேறாகக் கிடந்தது; உதயகுமாரியும் தடித்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். குவாங் கதவைத் திறந்தான். அவனுக்குப் பின்னால், குளியலறைக் கதவடியில் மை சுருண்டு கிடந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

லான் தடிகளைக் கீழே வைத்தாள். மெல்லிய குரலில் தங்கள் மொழியில் ஏதோ சொல்லியபடியே குனிந்து, வலது சப்பாத்தைக் கழற்றினாள். இடதின் கயிற்றில் கை வைத்தபோது குவாங் ஒரு தடியை எடுத்து அவள் முகத்தில் அடித்தான். விழுந்தவளின் தோளில் இன்னொன்று, தடுத்த கையில் இன்னொன்று. எலும்பு முறிகிற சத்தம் உதயகுமாரிக்குப் புதிதில்லை. அவன் தடியோடு மகளிடம் திரும்பினான்.

உதயகுமாரி போனை எடுத்தாள்.

“போலீஸ் வேண்டாம், குமாரி.” லானின் வாயிலிருந்து இரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது. “பிள்ளை போயிடும். நான் பனியில விழுந்தது எண்டு சொல்லு. என்னை எழுப்பு. இருந்து கதைக்கிறன். உன்ரை வீட்டில சரி வந்தது...”

உள்ளே தடி விழுந்தது. மை கத்தவில்லை. அதுதான் உதயகுமாரிக்குத் தாங்கவில்லை. அவளும் கத்தாமல் அடி வாங்கியவள்தான்.

“சரி வரேல்லை, அக்கா. அவர் ஒருநாளும் நிப்பாட்டேல்லை. நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

லான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். தடி பட்டபோதுகூட அந்த முகம் அப்படிச் சுருங்கவில்லை. உதயகுமாரி போலீஸ் இலக்கத்தை அழுத்தி, முறியாத கைக்குள் போனை வைத்தாள்.

“நீங்களே சொல்லுங்கோ.”

பிறகு அவளைக் கடந்து உள்ளே கால் வைத்தாள். பிறந்த நாள் முதல் எந்த வீட்டுக்குள்ளும் அவள் சப்பாத்தோடு போனதில்லை. துடைத்து மினுக்கிய தரையில் அடிக்கு அடி கறுப்புச் சேறு பதிந்தது. குவாங் திரும்பினான். தடியை ஓங்கியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் கால்களைப் பார்த்தான்.

பின்னால், வாசலில், லான் நோர்வேஜிய மொழியில் எட்டாம் மாடி என்று சொல்வது கேட்டது.