தேயிலைக்குள் பறந்த பன்னிரண்டு பேர்

சிந்தியா டீச்சர் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத் தரையில் படுக்க வைத்தார். ஒவ்வொருவருக்கும் அடியில், மாஜோங் பேப்பர் என்னும் பெரிய வரைதாள் இரண்டை ஒட்டி நீளமாக்கியது. ஒருவர் படுக்க, இன்னொருவர் மார்க்கரால் உடம்பைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். எட்ரியன் கூச்சத்தில் துள்ளியதில் அவன் உருவத்துக்கு மூன்று கை வந்துவிட்டது.

"இப்ப கோட்டுக்குள்ள உங்க கதைய எழுதுங்க, வரைங்க. கை செஞ்சத கையில, கால் செஞ்சத கால்ல. பொய் மட்டும் வேணாம்," என்றார் டீச்சர்.

யுவனேஸ்வரி தன் உருவத்தின் வலது காலில் சிவப்புச் சாயத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வரைந்தாள். அதன் கீழே எழுதினாள்: 'போன வருடம் கங்காணி மாமாவின் மோட்டாரில் ஏறி, ஓட்டுவதுபோல் விளையாடினேன். மோட்டார் விழுந்தது. லைட் உடைந்தது. நான் ஓடிவிட்டேன்.'

இது யாருக்கும் தெரியாது. காட்டுப்பன்றி ஒன்று மோட்டாரை முட்டித் தள்ளியதாகவும், தான் கட்டையால் அடித்து அதை விரட்டியதாகவும் கங்காணி காளியண்ணன் ஒரு வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்த பிறகுதான் டீச்சர் சொன்னார், வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் பார்க்க வருவார்கள் என்று. சாயம் காய்ந்ததும் மேலே பெரிய பூவாக வரைந்து மறைத்துவிடலாம் என்று யுவனேஸ்வரி நினைத்தாள்.

காய்வதற்காகப் பன்னிரண்டு உருவங்களையும் வேலியில் கிளிப் போட்டு மாட்டினார்கள். மலைக்காற்று ஒரு தடவைதான் அடித்தது. பன்னிரண்டு பேரும் கையைக் காலை ஆட்டிக்கொண்டு தேயிலைச் சரிவுக்குள் பறந்தார்கள்.

"ஓடாதீங்க, வழுக்கும்," என்று சொல்லிக்கொண்டே டீச்சர்தான் முதலில் ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் மூன்று கை எட்ரியனைப் பிடித்து, எது தலை என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் செடிக்குள் விழுந்தார்கள்.

யுவனேஸ்வரியின் உருவம் எல்லாரையும் தாண்டிப் போய்க் காளியண்ணன் தொப்பிமேல் விழுந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை விரித்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டுச் சுற்றி நின்றார்கள். அவர்களில் அவள் அம்மா மலரும் இருந்தாள்.

"மாமா, கால மட்டும் படிக்காதீங்க," என்று யுவனேஸ்வரி மேலேயிருந்து கத்தினாள்.

அவர் காலைத்தான் முதலில் படித்தார். அதுவும் சத்தமாக.

யுவனேஸ்வரி மூச்சு வாங்க வந்து நின்றாள். "நீதானாடீ?" என்று மலர் கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. மெல்லக் கங்காணி பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அப்ப அந்தக் காட்டுப்பன்னி?"

காளியண்ணன் தொண்டையைச் செருமினார். "பன்னியும் வந்துச்சு லா. இவ ஓடுனதுக்கப்புறம்."

"விழுந்து கெடந்த மோட்டார மறுபடி தள்ளவா?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. காளியண்ணன் முகத்தை இறுக்கமாக வைத்துப் பார்த்தார். மீசை மட்டும் துடித்தது. கடைசியில் மேட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"காத்துல சாஞ்சதுன்னு சொன்னா மரியாதையா இருக்காதுன்னு பன்னிய சேத்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்."

"மன்னிச்சிருங்க மாமா," என்றாள் யுவனேஸ்வரி.

"லைட்டு போனா போவுது. எழுத்து நல்லாருக்கு," என்று பேப்பரைச் சுருட்டிக் கொடுத்தார்.

சேறும் கிழிசலுமாகப் பன்னிரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் மேடு ஏறினார்கள். கீழே ஒருத்தி பன்றிபோல் உறுமினாள். அடுத்த வரிசையிலிருந்து இன்னொருத்தி பதிலுக்கு உறுமினாள். கொஞ்ச நேரத்தில் சரிவு முழுக்க உறுமல். யுவனேஸ்வரி சிரித்துச் சிரித்து மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்தார், அவருக்கும் சிரிப்பு நிற்கவில்லை.