பதினெட்டு எம்பி

பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி ஒன்றை அக்கா தொடங்கினாள். ஒரே ஒரு கார், அவள் ஒருத்திதான் ஆசிரியை. இணையதளம் போட்டுத் தருவது தம்பியின் பொறுப்பு. அவனுக்கு அதுதானே பிழைப்பு. ஒரு மாதம் இழைத்து இழைத்துச் செய்தான். திறந்ததும் மலைப்பாதையில் கார் வளைந்து வரும் வீடியோ, அதன்மேல் நழுவி வரும் எழுத்துகள், கீழே முப்பது பெரிய படங்கள். எல்லாம் சேர்ந்து பக்கத்தின் கனம் பதினெட்டு மெகாபைட், அதாவது பதினெட்டு எம்பி. அவனுடைய அலுவலக இணைப்பில் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

இரண்டு வாரம் கழித்து அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"என் போன்ல சுத்திக்கிட்டே இருக்குடா. நான் பாத்திரமே கழுவி முடிச்சுட்டேன், இன்னும் காரு வரல."

"உன் போன் அரதப் பழசுக்கா. முதல்ல அதை மாத்து."

அவள் சிரித்துவைத்தாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆறு மாதம் போனது. ஒரு மதியம், வேறொரு வாடிக்கையாளரின் தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவன், போகிற போக்கில் அக்காவின் தளத்தையும் எட்டிப் பார்த்தான். வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பக்கம் முழுசாகத் திறக்கும் முன்பே போயிருந்தார்கள். பலர் ஐந்து நொடிகூட நிற்கவில்லை. பெரும்பாலும் விலை குறைந்த, பழைய போன்கள். ஒருத்தி மட்டும் ஒரே போனிலிருந்து ஒரே நாளில் நான்கு முறை வந்திருந்தாள். நான்கு முறையும் வீடியோவைத் தாண்டவில்லை. தொலைபேசி எண்ணோ பக்கத்தின் அடியில் கிடந்தது.

 அப்போதே வீடியோவைத் தூக்கினான், படங்களைச் சுருக்கினான், எண்ணை மேலே கொண்டுவந்தான். அரை மணி நேர வேலை. பக்கம் இப்போது அரை எம்பிகூட இல்லை. கையோடு அக்காவை அழைத்தான்.

"அக்கா, இப்ப திறந்து பாரு. சட்டுனு வரும்."

"காரை வித்துட்டேன்டா," என்றாள். "போன வாரமே. ஒரு கம்பெனியில வண்டி ஓட்டச் சேர்ந்திருக்கேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"ஒரு மாசம் உசுரைக் குடுத்துப் பண்ணுன. ஆளே வரலைன்னு சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்ல."

"ஆள் வந்தாங்கக்கா. நான்தான்..."  எதையும் மறைக்காமல் சொன்னான், பத்துக்கு ஒன்பது பேர் திரும்பிப் போனதையும், நான்கு முறை வந்தவளையும்.



"நாலு தடவை வந்தாளா?" என்றாள் அக்கா. "என்கிட்ட வந்து கத்துக்க யாருக்கும் விருப்பமில்லையோன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்டா, இத்தனை நாளா."