வேல்சாமிக்கு மூன்று அழைப்பு

வேல்சாமியை நான் அய்யா என்று சொன்னதில்லை. இனியும் சொல்ல மாட்டேன். கட்டையில் போகிறவனுக்கு என்ன அய்யா வேண்டிக்கிடக்கிறது?

என் வீட்டுக்காரர் தவசிமுத்துவும் அவனும் தளவாய்புரம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இவர் ராஜபாளையத்தில் பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போனார். அவன் போலீசில் சேர்ந்து, அதே ஊருக்கு இன்ஸ்பெக்டராக வந்தான். எண்பத்தேழில் மில்லில் ஸ்டிரைக். கேட் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அப்போதுதான் அவன் ஜீப் வந்தது. அவன் துப்பாக்கியை எடுத்ததும் இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"ஏலே வேல்சாமி, சுட்டுராதலே. எல்லாம் நம்ம பயலுவதான்."

பின்னால் நின்ற போலீஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். வேல்சாமியின் முகம் கறுத்துப்போனது.

"யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுத? அய்யான்னு சொல்லு."

"உனக்கு என்னலே அய்யா?" என்றார் இவர்.

நெஞ்சில் சுட்டான். கஞ்சித் தூக்குச்சட்டி என் கையிலேயே இருந்தது.

இவர் கல்லெறிந்தாராம், அவன் தற்காப்புக்காகச் சுட்டானாம். அப்படி எழுதி விசாரணையை முடித்தார்கள். பாவி டி.எஸ்.பி. ஆகிவிட்டான்.

"மதினி, போலீசுகூட மல்லுக்கட்ட ஏலாது. மாரியம்மன் கோவில் முன்னால மண்ணை வாரித் தூத்திட்டு வந்துருங்க. அவ பாத்துக்கிடுவா" என்றான் கொழுந்தன் சோலைராஜ்.

"அவ பாக்கும்போது பாக்கட்டும். நான் அவனைக் கூண்டுல பாக்கணும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் வைகுண்டராஜைப் பிடித்தேன். இதில் என்ன கிடைக்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டார்.

"களவாணிப் பயலுகளைக் கோர்ட்டு வராந்தாவுல பேர் சொல்லி மூணு தடவை கூப்பிடுதாகள்லா? அவனையும் அப்படிக் கூப்பிடணும். பொறவு ஜெயிலுக்கும் போகணும்."

வக்கீல் சிரிக்கவில்லை. கேஸ் போட்டார். போலீஸ்காரன்மேல் கேஸ் நடத்த சர்க்கார் அனுமதி வேண்டுமாம். மெட்ராஸ் வரை இழுத்தடித்தார்கள். தொண்ணூற்று நாலில்தான் சம்மன் போனது.

சம்மனில் போட்ட தேதிக்குக் கோர்ட்டில் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினான். வராந்தாவில் இருந்த போலீஸ்காரர்கள் எழுந்து சல்யூட் வைத்தார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். பேர் கூப்பிடும் டவாலி வெளியே வந்து, அவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டி.எஸ்.பி. வேல்சாமி அய்யா... வரலாம்ங்கய்யா."

அவன் எழுந்திருக்கும் முன்னே நான் வாசலை மறித்தேன்.

"இம்புட்டு நேரம் கூப்பிட்ட ஆளுகளுக்கு அய்யா போட்டீரா?"

"சத்தம் போடாத தாயி, தள்ளு" என்றார் டவாலி. நான் தள்ளவில்லை. உள்ளேயிருந்து நீதிபதி என்னவென்று கேட்டார்.

"சாமி, பேர் சொன்னதுக்குத்தான் என் புருசனைச் சுட்டான். கோர்ட்டும் அவனுக்கு அய்யா போட்டா நான் எங்க போவேன்?"

நீதிபதி டவாலியிடம், "எல்லாரையும் போலக் கூப்பிடும்" என்றார்.

டவாலி வராந்தாவுக்குத் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"வேல்சாமி... வேல்சாமி... வேல்சாமி..."

அவன் நாற்காலியை விட்டு எழுந்து, என்னைத் தாண்டி உள்ளே போய்க் கூண்டில் ஏறினான். கையைக் கட்டிக்கொண்டான்.

"ஆஜர் அய்யா" என்றான்.

யாரோ சிரித்தார்கள். அவன் சடாரென்று திரும்பிப் பார்த்தான். நான்தான் சிரித்தேன். அவன் கையில் துப்பாக்கி இல்லை.

அடுத்த வாய்தா தேதி சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்தவனின் நேர் எதிரே போய் நின்றேன். சுற்றிலும் அவனுக்கு சல்யூட் வைத்த ஆட்கள்.

"ஏலே வேல்சாமி," என்றேன், "அடுத்த வாய்தாவுக்கும் வந்துருலே. நான் வருவேன்."