வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாடி

புதினா டிரம்மை இழுக்கும்போது அடியில் பிடித்திருந்த பாசி வழுக்கிவிட, ஓவியா முட்டி இடிக்க விழுந்தாள். எழுந்து மறுபடி இழுத்தாள். மாடி நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் வேண்டும். தலைமாட்டில் அம்மா உட்கார வேண்டும். சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அழ வேண்டும். அதற்குத் தோதாகத் தொட்டிகளையெல்லாம் கைப்பிடிச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, வண்டி ஆமத்தூரத் தாண்டிருச்சாம்!" கீழே தெருவிலிருந்து பெரியப்பா ஒச்சப்பன் கத்தினார். "ஐஸ் பெட்டிக்காரன் வந்து நிக்கான். எங்கன வைக்கச் சொல்ல?"

"மாடிக்குத்தான் பெரியப்பா."

"படி வளைவுல பெட்டி திரும்பாதுங்கான்."

"பெட்டி வேண்டாம். அப்பாவ ஆளாத் தூக்கிட்டு ஏறுங்க. அம்புட்டு கனமாவா இருக்காரு?"

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம் என்று ஓவியாவுக்கே தோன்றியது.

அப்பா மாரிக்கண்ணன் காலையில் விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனார். பட்டாசுக் கம்பெனியில் அலுமினியப் பவுடர் சலித்துச் சலித்து நெஞ்சு வெந்துபோன ஆள். கடைசி வருஷத்தில் அவர் இருமித் துப்பினால் வாஷ்பேசினில் வெள்ளி மினுங்குவது போல இருக்கும். நேற்று மூக்கில் மாட்டியிருந்த மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "எப்பம்மா மாடிக்குப் போவோம்?" என்று கேட்டார். "நாளைக்குப்பா" என்று ஓவியா சொன்னாள். நாளை வந்துவிட்டது. சொன்ன வாக்கில் மிச்சமிருப்பது இந்தப் படியேற்றம் ஒன்றுதான்.

திருத்தங்கலில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மாடி என்பது ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, மிச்சமெல்லாம் காக்கா எச்சம். மூச்சு வாங்கி வேலைக்குப் போக முடியாமல் ஆனபிறகு மாரிக்கண்ணன் அதை மனுசர் உட்காரும் இடமாக்கினார். ஓவியா டிசைன் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் தூக்கிப்போட்ட இங்க் டப்பாக்களில் துளசி, தூதுவளை, கற்பூரவல்லி. பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை. பேப்பர் கட்டுக்கு அடியில் வரும் பலகைகளை அடித்து இரண்டு பெஞ்சு. வெயிலுக்கு மேலே பழைய பிளக்ஸ் ஒன்று. யார் வீட்டுப் பிள்ளையோ, மொட்டையடித்த தலையோடு காதுகுத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்.

நீல டிரம்மை அவர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அன்று வீட்டில் பெரிய சண்டை.

"பட்டாசு மருந்து வந்த டிரம்முப்பா இது. இதுல புதினா போட்டுத் திங்கவா? நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, எனக்குத் தெரியாதா?"

"உள்ள அம்புட்டும் கெடக்கு தாயி. வெளிய கழுவி என்ன செய்ய?" என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சண்டை அத்தோடு முடிந்தது.

புதினாவும் கறிவேப்பிலையும் கீழ்வீட்டு டீச்சருக்குப் போகும். மற்றதெல்லாம் இருமலுக்கு. தனக்கென்று இருமலுக்கு இல்லாத செடி ஒன்றுகூட அவர் வைக்கவில்லை. இருமல் ஒன்றுக்குக்கூடக் கேட்கவும் இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரி கனகமணி டீச்சர், சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள். அழுத கண். ஓவியாவைக் கட்டிக்கொண்டாள்.

"செய்தி கேட்டதுல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலம்மா. எம்புட்டு நல்ல மனுசன். ஆண்டவர் ஏன்தான் இப்படிப் பண்ணுறாரோ."

டீச்சரின் கண்ணீர் பொய்யில்லை. சொந்த ஊர் ஆமத்தூர் என்றால் ஆமத்தூரில் எந்தத் தெரு என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் கேட்டு, தெருவைச் சொன்னதும் 'வீடு சொந்தக்காரங்களுக்குப் பேசியாச்சு' என்று கதவைச் சாத்திய ஊரில், தெருவைக் கேட்காமல் சாவியைக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான். அதற்காகவே அம்மா இன்றுவரை டீச்சர் எதிரில் உட்கார மாட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர் மாடியைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏம்மா செடியெல்லாம் ஒதுக்கிட்ட? அவரு எம்புட்டு அழகா அடுக்கி வச்சிருந்தாரு."

"அப்பாவக் கெடத்த எடம் வேணும்ல டீச்சர்."

டீச்சர் துளசி இலை ஒன்றைக் கிள்ளினாள். கிள்ளியதை என்ன செய்வதென்று தெரியாமல் விரலில் உருட்டினாள்.

"ஓவியா, தப்பா நெனச்சுக்கிராத. வெள்ளிக்கிழமை எம்மவன் ஜெபினுக்கு நிச்சயம்னு ஒனக்கே தெரியும். கார்டே நீதான் டிசைன் பண்ணுன. பொண்ணு வீட்டாளுக மேல வந்துதான் டீ குடிக்கப் போறாக. இந்த நேரத்துல மாடில... எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. அவுக ஒரு மாதிரி. யாராவது போய்ச் சொன்னா, கல்யாணத்தையே யோசிப்பாக."

வெள்ளிக்கிழமைக்காகத்தான் அப்பா கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடித்தார். 'கொஞ்சம் பாக்குற மாதிரி பண்ணிக் குடுங்களேன் மாரிக்கண்ணன்' என்று டீச்சர் கேட்டுவிட்டாள். நின்று அடிக்க மூச்சு இல்லை. முக்காலியில் உட்கார்ந்து, அடித்து, முக்காலியை நகர்த்தி, மறுபடி உட்கார்ந்து அடித்தார். கடைசி மூலை முடிந்த சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

"ஒரு மணி நேரம் டீச்சர்," என்றாள் ஓவியா. "நான் கழுவி விட்டுர்றேன். பினாயில் போட்டுக் கழுவுறேன்."

"அதுக்கில்லம்மா."

"சார் பெட்டி மட்டும் ரெண்டு நாளு கீழ ஹால்ல இருந்துச்சே? எங்க அப்பாதான் சேரு தூக்கிப் போட்டாரு. நைட்டுப் பூரா வாசல்ல உக்காந்திருந்தாரு."

டீச்சரின் புருஷன் ராஜசிங் சார் போன வருஷம் போனவர். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

"அது சொந்த வீடும்மா."

ஓவியாவிடம் பட்டம் இருந்தது. பேச்சுப்போட்டிக் கப்பு இருந்தது. ஆபீசில் மேனேஜரையே எதிர்த்துப் பேசும் வாய் இருந்தது. இதற்குப் பதில் ஒன்றும் இருக்கவில்லை. டீச்சர் சரியாகத்தான் சொன்னாள். சொந்தமாக நாலு சுவர் இருக்கிறவன்தான் வீட்டுக்குள் பிணமாகக் கிடக்கலாம்.

கீழே வண்டிச் சத்தமும் அதைத் தொடர்ந்து ஆமத்தூர்க் குரல்களும் கேட்டன. ஓவியா படியில் பாதி இறங்குவதற்குள், வண்டியில் வந்த அம்மா கேட்டருகே டீச்சரின் மகன் ஜெபின் முன்னால் கும்பிட்டபடி நின்றுகொண்டிருந்தாள்.

"வேண்டாம் தம்பி. நீங்க சங்கடப்படாதீக. கேட்டுக்கு வெளியவே இருக்கட்டும். நெழல் இருக்கு."

"அம்மா!"

"நீ சும்மா இரு." அய்யம்மாள் மகளைப் பார்க்காமலே சொன்னாள். "பேசி வாய மூடுறதுக்குள்ள நாம நடுத்தெருவுல நிக்கணும்."

"இப்ப எங்கன நிக்கோமாம்?"

பெட்டியை ரோட்டில் இறக்கி வைத்தார்கள். கரண்டுக்கு டீச்சர் வீட்டு ஜன்னல் வழியாக ஜெபின் வயரைக் கொடுத்தான். யார் காலிலும் இடறாதபடி கேட்டுக் கம்பியில் சுற்றிச் சுற்றி அக்கறையாகக் கொடுத்தான். நாற்காலியும் கொடுத்தான். எல்லாமே கொடுத்தார்கள். பெட்டிக்குள் மாரிக்கண்ணன் தாடையில் கட்டோடு, கொசுவத்தி வாங்கக் கடைக்குப் போன வழியில் விழுந்தவர் போல, ரோட்டில் கிடந்தார். பைக்குகள் வேகத்தைக் குறைத்து, பார்த்து, ஒதுங்கிப் போயின.

ஒப்பாரி வைக்க உட்கார்ந்த பெண்களுக்கு ரோடு சுட்டது. எழுந்து நிழல் பக்கம் நகர்ந்தார்கள். நிழல் நகர, அவர்களும் நகர்ந்தார்கள்.

"என்ன மதினி, ஊருக்காச்சும் கொண்டு போயிருக்கலாமில்ல?" என்றாள் ஒருத்தி.

"அங்கன என்ன இருக்கு? கூரை விழுந்து கெடக்கு," என்றாள் அய்யம்மாள்.

குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். ஊரென்றால் கிணற்றுக்குப் போய், தலைக்கு மேல் வேட்டி பிடித்து, குடத்தில் தண்ணீர் கொண்டுவருவார்கள். இங்கே தெருமுனைக் குழாய்தான். ஒச்சப்பன் போய்த் திருகிப் பார்த்துவிட்டு வந்தார். "காத்துதான் வருது. இன்னைக்குத் தண்ணி விடுற நாளில்லையாம்."

"மாடியில செடிக்குப் பிடிச்சு வச்ச தண்ணி இருக்குமே," என்றாள் அம்மா. டீச்சரைப் பார்த்து, "தண்ணிக்கு மட்டும் மேல போயிட்டு வரட்டுமா டீச்சரம்மா?"

"ஐயோ, இதக் கேக்கணுமா? போயிட்டு வாங்க," என்றாள் டீச்சர்.

குடத்தை ஓவியா எடுத்தாள்.

"பொம்பளப்புள்ள எடுக்கப்பிடாதுத்தா," என்றார் ஒச்சப்பன். "எம்மவன் பாண்டி வரட்டும். பஸ்ஸுல வாரான்."

"ஆஸ்பத்திரில மலம் மூத்திரம் எடுக்கையில பாண்டி எந்த பஸ்ஸுல வந்துக்கிட்டிருந்தான் பெரியப்பா?"

"இந்த வாய்க்கு ஒனக்கு எவன் வந்து மாட்டப்போறானோ," என்று ஒரு கிழவி முனக, அந்த நேரத்திலும் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒச்சப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு வேட்டியின் ஒரு முனையை அவரே பிடித்தார்.

கேட்டைத் தாண்டி, டீச்சர் வீட்டு வாசலைத் தாண்டி, படி வளைவில் வேட்டியைச் சரித்து நிமிர்த்தி, சங்கூதுகிறவர் முன்னால் போக, எல்லாரும் மாடி ஏறினார்கள். வளைவில் எல்லாரும் திரும்பினார்கள். அப்பாவையும் இப்படித் திருப்பியிருக்கலாம். ஓவியா தண்ணீர் டிரம்மில் குடத்தை அமுக்கினாள். அரிசி கழுவிய தண்ணீரும் சேர்த்து ஊற்றி வைத்த தண்ணீர். லேசாகப் புளித்த வாடை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். நடுரோட்டில், சேலையைத் திரையாகப் பிடித்து, செடிக்கு வைத்திருந்த தண்ணீரை அப்பா மேல் ஊற்றினார்கள். வழிந்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல், ரோட்டுச் சரிவில் டீச்சர் வீட்டுக் கேட்டுக்கு அடியில் புகுந்தது. ஜெபின் ஓடிவந்து விளக்குமாற்றால் தள்ளினான். தள்ளிவிட்டு, ஓவியா பார்ப்பதைப் பார்த்து, விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

சுடுகாட்டு வண்டி வந்தது. அம்மா கதறிக்கொண்டு வண்டியின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். முனையில் பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள். ஓவியா ஓடவில்லை. கேட்டுக் கம்பியில் இருந்த வயரைப் பிடுங்கி, முழங்கையில் சுற்றி, ஜன்னல் திண்டில் வைத்தாள்.

எல்லாரும் தலைமுழுகிவிட்டுப் போனபிறகு, அறைக்குள் ஓவியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது. 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டருக்கு நல்ல படமாக ஒன்று அனுப்பச் சொன்னார்கள். போனில் தேடினாள். எல்லாப் படத்திலும் அப்பா செடிக்குப் பின்னால் பாதி மறைந்தே இருந்தார்.

வெளியே தரையில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

ஈரச் சேலையோடு, முடியைக்கூட முடியாமல், அய்யம்மாள் புதினா டிரம்மைச் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"எடுத்து வைக்கேன்."

"இப்ப என்ன அவசரம்? அவர் இன்னும் வெந்து முடிஞ்சிருக்க மாட்டாரு."

"வெள்ளிக்கிழமை ஆளு வருவாகல்ல." அய்யம்மாள் நிமிரவில்லை. "இருந்தபடி அடுக்கிட்டா நல்லது. டீச்சரம்மா ஒண்ணும் சொல்லல. சொல்லாம நாமளா செஞ்சிரணும்."

"செய்ய மாட்டேன். வேற வீடு பாத்துப் போயிருவோம்."

"எந்தத் தெருன்னு கேப்பாக," என்றாள் அம்மா.

அப்பா படுத்திருந்த இரும்புக் கட்டிலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே மடித்துப் படிக்கட்டடியில் வைத்திருந்தார்கள். அது கிடந்த இடத்தில், வெள்ளையாகக் கழுவிவிட்டிருந்த தரையில், நாலு கால் தடமும் துருவாக, வட்ட வட்டமாகப் பதிந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை போல; அம்மா ஒன்றின்மேல் துளசியை வைத்தாள். ஒன்றின்மேல் தூதுவளை. மூன்றாவதன்மேல் கறிவேப்பிலை வாளி. தள்ளி நின்று, தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

ஓவியா எழுந்து போய்க் கற்பூரவல்லித் தொட்டியைத் தூக்கினாள். நாலாவது வட்டத்தின் அருகில் வந்து நின்றாள். தொட்டியின் அடி ஓட்டையிலிருந்து செம்மண் தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா காத்திருந்தாள்.